இந்து காலேஜ் ஸ்டேஷனில் இறங்கி வீடு தேடுபவர்கள்

சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஆவடியைத் தாண்டியதும் வரும் முதல் ஸ்டேஷனுக்கு இந்து கல்லூரி என்று பெயர். பட்டாபிராமில் இருக்கும் தர்மமூர்த்தி ராவ்பகதூர் கலவல கண்ணன் செட்டி இந்துக் கல்லூரியைத்தான் ரயில்வே இப்படி இரண்டு சொல்லுக்குள் அடக்கிவிட்டது. ஊர்ப் பெயரில் காலேஜ் இருப்பது வழக்கம். இங்கே காலேஜ் பெயரில் ஸ்டேஷன். மேற்குப் புறநகரில் மாணவனுக்குக் கிடைத்த மரியாதை அனேகமாக அந்தப் பெயர்ப்பலகையோடு சரி.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை இந்தப் பக்கத்து ஸ்டேஷன்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரு அப்பா, ஒரு பிள்ளை, சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் ஃபைல், வெயிலுக்கு வாங்கிய தண்ணீர் பாட்டில். அட்மிஷன் முடிந்திருக்கும். காலேஜ் ஹாஸ்டல் கட்டணத்தைக் கேட்டு அப்பாவின் முகம் சுருங்கியிருக்கும். இருவரும் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்தபடி நடப்பார்கள். கேட்டில், மாடிக் கம்பியில், இ.பி. கம்பத்தில் எங்காவது 'டூ-லெட்' தொங்குகிறதா என்று.

தொங்கும். பேச்சு மட்டும் இப்படிப் போகும்.

"ஃபேமிலிக்கா சார்?"

"இல்லம்மா, பையன் இங்க இன்ஜினியரிங் சேந்திருக்கான். கூட மூணு பசங்க."

"பேச்சுலருக்குக் குடுக்கறதில்ல சார். தப்பா நெனச்சுக்காதீங்க."

'தப்பா நெனச்சுக்காதீங்க' என்ற அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு பண்பாடே இருக்கிறது. பையனுக்குப் பதினெட்டு வயது. அவனைப் பேச்சுலர் என்று அழைப்பதைக் கேட்டு அப்பாவுக்குச் சிரிப்பு வரும். நாலாவது வீட்டில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

சென்னை வீட்டுக்காரர்களுக்குப் பேச்சுலர் மேல் அவநம்பிக்கை புதிதில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பிழைத்ததே அந்த அவநம்பிக்கையால்தான். ஆனால் அதற்கு ஒரு போலீஸ் முத்திரை விழுந்த ஆண்டு 2012. அந்தப் பிப்ரவரியில், வங்கிக் கொள்ளைகளில் தேடப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, குடியிருப்பவர் விவரத்தை வீட்டு உரிமையாளர் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது. படிவம் நிரப்பித் தருவது பெரிய வேலையில்லை. ஆனால் ஸ்டேஷன் வாசலை மிதிக்க விரும்பாத வீட்டுக்காரர் எடுத்த சுலபமான முடிவு, பேச்சுலரே வேண்டாம் என்பது. 2024 ஆகஸ்ட் 31 அன்று தென்புறநகர் போத்தேரியில், மாணவர்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் சுமார் ஆயிரம் போலீசார் விடியற்காலையில் புகுந்து, ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கஞ்சாவுக்காகச் சோதனை போட்டார்கள். அகப்பட்டவர்கள் சில பேர். தட்டப்பட்ட கதவுகளோ நூற்றுக்கணக்கில். அந்தச் செய்தி தொலைக்காட்சியில் ஓடிய வாரத்தில் ஆவடியில் வீடு தேடிய பையன்கள் பாவம்.

சரி, இந்த ஊர்களில் இருக்கும் வீடுகள் யாருக்காகக் கட்டப்பட்டவை? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். மாணவர்களுக்காக இல்லை. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, அடுத்து டன்லப். 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. (ஆவடி என்பதே ஆங்கிலத்தில் கவச வாகனங்களைக் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை என்று இன்றும் அடித்துச் சொல்பவர்கள் உண்டு. டாங்கித் தொழிற்சாலைக்கு ஆறு வருடம் முன்பே, 1955-ல், ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்து முடிந்துவிட்டது. ஊருக்கு அப்போதும் அதே பெயர்தான்.) கம்பெனிக்காரர்கள் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்களுக்காக உள்ளூர்க்காரர்கள் தோட்டத்தில் வரிசையாக அறைகள் போட்டார்கள். ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் பொதுக் கழிப்பறை. லைன் வீடு. ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிவிட்டுப் போகிறவருக்கு அது போதும்.

கல்லூரிகள் பிறகு வந்தன. மதுரவாயலில் எம்.ஜி.ஆர். பெயரிலான பொறியியல் கல்லூரி 1988-ல் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஆவடியில் வேல்டெக், தண்டலத்தில் ராஜலட்சுமி, பூந்தமல்லி–ஆவடி சாலையில் எஸ்.ஏ. இன்ஜினியரிங், நசரத்பேட்டையில் பனிமலர், வேலப்பன்சாவடியிலும் தண்டலத்திலும் சவீதா. பெரும்பாலும் 1990-களின் பிற்பகுதியிலும் அதை ஒட்டியும் முளைத்தவை. நிலம் எங்கே மலிவாகக் கிடைத்ததோ அங்கே வளாகம் எழுந்தது. சுற்றிலும் ஏரி, வயல், செங்கல் சூளை. ஊருக்குள் காலேஜ் வைத்தால் ஊரே விடுதியாகிவிடும், அண்ணாமலைநகரைப் போல. வயலுக்குள் வைத்தால் மாணவன் காலேஜ் ஹாஸ்டலில் இருக்க வேண்டும், அல்லது காலேஜ் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தூங்கிக்கொண்டு வர வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்பதைக் கட்டியவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த மூன்றாவது வழியில்தான் லைன் வீடுகளும் பி.ஜி.க்களும் இருக்கின்றன.

அனுபவப்பட்ட சீனியர்கள் முதலில் கேட்கும் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல, எந்த ரோட்டில் என்பது. மேற்குப் புறநகரில் வாழ்க்கை மூன்று கோடுகளில் ஓடுகிறது. ஒன்று ரயில் பாதை: கொரட்டூர், பட்டரைவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி. மாணவர் சலுகையில் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் இதைவிட மலிவாக எதிலும் போக முடியாது. இரண்டாவது பூந்தமல்லி நெடுஞ்சாலை: மதுரவாயல், வேலப்பன்சாவடி, பூந்தமல்லி, நசரத்பேட்டை, தண்டலம். இங்கே ரயில் இல்லை. பூந்தமல்லியிலிருந்து பிராட்வேக்கு 54, தாம்பரத்துக்கு 66, ஆவடி வழியாக செங்குன்றத்துக்கு 62, மற்றபடி ஷேர் ஆட்டோ. மூன்றாவது வெளிவட்டச் சாலை. உள்ளூரில் '400 அடி ரோடு' என்றால்தான் புரியும். அதில் லாரி வேகமாகப் போகும், பஸ் எப்போதாவது வரும், இரவு எட்டு மணிக்கு மேல் நடந்து போக ஆள் துணை வேண்டும். ஒரு கோட்டில் காலேஜும் இன்னொரு கோட்டில் வீடும் அமைந்துவிட்டால் கதை கந்தல். வரைபடத்தில் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஒரு விரற்கடைதான். காலை எட்டு மணிக்கு அந்த விரற்கடையைக் கடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வளாகம் ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே ரயில் பாதையில் ஒரு சாட்சி உண்டு. பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, 2008 நவம்பர் மோதலையும் அதை விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையத்தின் பரிந்துரையையும் தொடர்ந்து, 2018-ல் இரண்டாகப் பிரிந்து இடம்பெயர்ந்தது. ஒன்று புதுப்பாக்கத்துக்கு, மற்றொன்று திருவள்ளூரைத் தாண்டிப் பட்டரைப்பெரும்புதூருக்கு. போக மாட்டோம் என்று மாணவர்கள் போராடினார்கள். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தானே வழக்கு நடப்பதைப் பார்க்கலாம், சீனியர் வக்கீலிடம் சேரலாம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. கட்டடம் புதிதாக, பெரிதாக வந்தது. தங்குவதும் போய்வருவதும் அவரவர் பாடு.

வீடு கிடைக்காதவர்கள் பி.ஜி.க்குப் போவார்கள். ஒரு அறையில் மூன்று, நான்கு கட்டில், இரண்டு வேளையோ மூன்று வேளையோ சாப்பாடு, துணி காயப்போட மொட்டை மாடி. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பெரும்பாலும் நேரே இங்கேதான் வருகிறார்கள். அங்கே அவர்கள் கேட்பது கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று. கேட்க வேண்டியது வேறு: லைசென்ஸ் இருக்கிறதா?

2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் இரண்டு சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதே ஆண்டு தமிழக அரசு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி தனியார் மகளிர் விடுதி எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும், மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும், பெண் வார்டனும் காவலும் இருக்க வேண்டும். சட்டம் ஏட்டில் இருந்தது. 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதியில் ரகசியக் கேமராக்கள் சிக்கின. விடுதியை நடத்தியவரே வைத்திருந்தார். கண்டுபிடித்ததும் அங்கே தங்கியிருந்த பெண்கள்தான், அதிகாரிகள் இல்லை. அதற்குப் பிறகுதான் மாத முடிவுக்குள் எல்லா விடுதிகளும் பதிவு செய்ய வேண்டும் என்று சென்னை ஆட்சியர் கெடு விதித்தார்.

எந்த ஆட்சியரிடம் போவது என்பது மேற்குப் புறநகரில் சின்ன விடுகதை. அம்பத்தூரும் மதுரவாயலும் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன, 2018-ல் சென்னை மாவட்டத்திலும். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். பூந்தமல்லியைத் தாண்டித் தண்டலம் போனால் காஞ்சிபுரம் மாவட்டம். 2022 முதல் ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம். அம்பத்தூர்க்காரர் குப்பைக்குச் சென்னை மாநகராட்சியிடம் போவார், திருட்டுக்கு ஆவடி ஆணையரகத்திடம் போவார். பதினெட்டு வயதில் வெளியூரிலிருந்து வந்த பெண் எந்தக் கதவைத் தட்டுவாள்? அதைவிட உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு விடுதி வாசலில் மாட்டச் சொல்லலாம். ஓட்டல்காரர் மாட்டுகிறாரே.

விடுதி அறைக்கு மாணவிகளோடு போட்டி போடுவது யார் என்பது 2021 டிசம்பரில் நாடறியத் தெரிந்தது. பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்டு 250-க்கும் மேற்பட்ட பெண்கள் நோயில் விழுந்தார்கள், 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் மாணவிகள் அல்ல. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் தொழிலாளிகள். வயது என்னவோ கல்லூரி வயதுதான். கட்டில் இல்லாமல் தரையில் படுத்தார்கள், ஓர் அறைக்கு எத்தனை பேர் என்ற கணக்கே இல்லை என்பதெல்லாம் அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த பிறகு வெளியே வந்தது. ஆலை சில வாரம் மூடப்பட்டது. அரசு வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை 706 கோடி ரூபாயில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம். ஆனால் அது தொழிலாளிகளுக்கு. அதே சாலையில் தண்டலத்தில் படிக்கும் பெண்ணுக்கு அப்படியொரு கட்டடம் எழ, அவள் எந்த நெடுஞ்சாலையை மறிப்பாள்?

இனி பணம். எடுத்துக்காட்டுக்கு 12,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு, நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூவாயிரம். அப்பா தலையாட்டிவிடுவார். பிறகு வரும்: ஐந்து மாத அட்வான்ஸ் 60,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 12,000, முதல் மாத வாடகை 12,000. ஆக 84,000. பிள்ளை ஒரு இரவு கூடப் படுக்காத வீட்டுக்கு ஆளுக்கு 21,000. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. ஏழை வீட்டில் அது பெரிய தொகை. இந்த 21,000-க்கு முன்னால் வைத்தால் இருபத்தோரு மாதத்துத் தொகை.

ஐந்து மாதம், பத்து மாதம் என்பதெல்லாம் சென்னையின் பழக்கம். சட்டம் சொல்வது வேறு. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் சட்டம், அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்ற அளவை வைத்திருக்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு சின்ன வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஊரே அந்த வாசல் வழியாகத்தான் போய்வருகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதியச் சொல்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை வெளியேற்றக் கூடாது என்கிறது. லைன் வீட்டில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், "படிச்ச புள்ள ரொம்பப் பேசுது" என்று அடுத்த மாதமே காலி செய்யச் சொல்லும் அபாயம் உண்டு. அதற்காகச் சொல்லாமல் இருப்பதா? குறைந்தது அட்வான்ஸை வங்கி மூலம் அனுப்பி, 'வீட்டு அட்வான்ஸ்' என்று குறிப்பு எழுதி வைக்கலாம். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கரண்ட் கணக்கு தனிக் கூத்து. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் வாடகைக்காரன் வீட்டுக்காரருக்குக் கட்டுவது சப் மீட்டரில் ஓடிய முதல் யூனிட்டிலிருந்தே, அவர் சொல்லும் விலைக்கு. இலவசம் யார் பைக்குப் போகிறது என்று கேட்காமல் இருப்பது இந்த ஊரின் நாகரிகம். விடுதிகளில் ஒரு தலைவலி மட்டும் குறைந்தது. வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்று இழுத்துக்கொண்டிருந்த நிலையில், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாள் தங்கினால் வரி இல்லை என்று 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. மேற்குப் புறநகரில் அந்த வரம்பைத் தாண்டும் மாணவர் அறை எது?

தொகையைவிட முக்கியமானது தண்ணீர். வீடு பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தியடைவார்கள். ஜூலையில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியது, போன மே மாதம் லாரி எத்தனை முறை வந்தது, அந்தக் காசு யார் கொடுத்தது என்று. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தபோது, சென்னையில் விடுதிகள் சிலவற்றை மூடிப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். அதே ஊரில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை, கொரட்டூர், ஆவடி, பட்டாபிராம் எல்லாம் தண்ணீரில் நின்றன. ஏரிக்குள்ளும் ஏரிக்கரையிலும் மனை போட்ட ஊர்கள். தரைத்தள வீடு வாடகை குறைவாக இருந்தால் காரணம் சுவரில் எழுதியிருக்கும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எதிர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். அங்கே பழுப்புக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரத்தில் மெத்தையும் லேப்டாப்பும் மிதந்த நாள் ஒன்று இருந்திருக்கிறது.

யாரும் வெளியே பேசாத கேள்வி ஒன்றும் உண்டு. "நீங்க எந்தப் பக்கம்?" என்று தொடங்கும். ஊர்ப் பெயர் சொன்னால் போதாது. அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது, வீட்டில் கவுச்சி சமைப்பீர்களா என்று வளைந்து வளைந்து சாதிக்கு வரும். ஆவடியில் ஆந்திராவிலிருந்து வந்த பிள்ளைகள் ஏராளம். தெலுங்குப் பையனிடம் இந்த வளைசல் அவ்வளவாகச் செல்லாது. அவனை இங்குள்ள சாதிப் பெயர்களுக்குள் பொருத்தத் தெரியாமல் வீட்டுக்காரர் திணறுவதும், கடைசியில் அட்வான்ஸைக் கூட்டிச் சொல்லிச் சாவியைக் கொடுப்பதும் நடக்கிறது.

இப்போது புதிதாகப் போட்டி வந்திருக்கிறது. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பர் 22 அன்று திறக்கப்பட்டது. பூந்தமல்லி பைபாஸில் தொடங்கிக் கலங்கரை விளக்கம் வரை 26 கிலோமீட்டர் மெட்ரோ பாதை. தூண்கள் எழுந்ததுமே அந்தச் சாலையில் மனை விலையை யாரும் தாழ்ந்த குரலில் சொல்வதில்லை. சம்பளக்காரர் ஒருவர் ஒரே கையெழுத்தில் எடுத்துக்கொள்ளும் வீட்டை நாலு மாணவர்களுக்குக் கொடுத்து நாலு பேரிடம் வாடகை கேட்டு அலைய யாருக்குப் பொறுமை?

அப்படியும் மாணவர்களுக்கு வீடு கிடைக்கத்தான் செய்கிறது. எப்படி? பெரும்பாலும் போர்டும் புரோக்கரும் இல்லாமல், சீனியர் மூலமாக. ஏப்ரலில் நான்காம் ஆண்டுக்காரன் இரண்டாம் ஆண்டுக்காரனைக் கூப்பிட்டு, "டேய் தம்பி, மே மாசம் நாங்க காலி பண்றோம், நீங்க வர்றீங்களா?" என்பான். வீட்டோடு மூன்று மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு, கைப்பிடி உடைந்த குக்கர், இரண்டு பக்கெட், யார் வாங்கியதென்று யாருக்கும் ஞாபகமில்லாத அயர்ன் பாக்ஸ் எல்லாம் கைமாறும். அட்வான்ஸை வீட்டுக்காரர் திருப்பித் தர மாட்டார். தர வேண்டிய தேவையே வராது. ஜூனியர்கள் சீனியர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்காரரிடம் போய்ப் புது முகங்களைக் காட்டி, "ஆன்ட்டி, இவங்க நம்ம பசங்கதான்" என்று சொன்னால் முடிந்தது. அவரும் பெயின்ட் காசு மட்டும் வாங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்காமல் விட்டுவிடுவார். ஒப்பந்தம் இருந்தால் அதில் என்றோ படிப்பு முடித்து வெளிநாடு போய்விட்ட யாரோ ஒருவன் பெயர் இருக்கும்.

இந்தச் சங்கிலி ஒருநாள் அறும். பழைய லைன் வீட்டை இடித்து நான்கு மாடி கட்டலாம் என்று வீட்டுக்காரரின் மகன் முடிவு செய்வான். அன்றைக்கு அங்கே இருக்கும் பேட்ச், முந்தைய பேட்ச்சிடம் கொடுத்த 60,000 ரூபாயை வீட்டுக்காரரிடம் கேட்கும். அவர் உள்ளே போய்ப் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவார். நோட்டில் எட்டு வருடத்துக்கு முந்தைய தேதியில் 25,000 என்று இருக்கும்.